உடைந்த விமானமும் உண்மைக் கணக்கும்

சீர்திருத்தம் என்னும் சொல்லை நம்மவர் பெரும்பாலும் சமூகத்தைப் பற்றியே வழங்கி வருகின்றனர். சாதி, கலியாணம், கோயில், பெண் கல்வி என்று பேச்சு எழும்போதுதான் அச்சொல் மேடை ஏறுகிறது. ஆனால் அதன் பொருளோ மிக எளியது. சீர் கெட்டதைத் திருத்துவது சீர்திருத்தம். காம்பு முறிந்த மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போடும் கொல்லனும், கோணிய சக்கரத்தை நிமிர்த்தும் சைக்கிள் கடைக்காரனும் அன்றாடம் செய்வது அதுவேயாகும்.

திருத்துவோரில் இரு வகையினர் உண்டு. எது கெட்டது, ஏன் கெட்டது, எதனை மாற்றினோம் என்பவற்றை உலகறியச் சொல்லித் திருத்துவோர் ஒரு வகையினர். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிவிட்டு, “யாம் ஒன்றும் மாற்றவில்லை, ஆதியிலேயே இஃது இவ்வாறுதான் இருந்தது” என்று சாதிப்போர் மற்றொரு வகையினர். முன்னவரால் அறிவு வளர்கிறது. பின்னவரால் பெருமை மட்டும் வளர்கிறது. இவ்விரு வகையினரையும் அருகருகே நிறுத்திக் காட்டும் சரித்திரம் ஒன்று உண்டு. அஃது ஆகாய விமானத்தின் சரித்திரம். பறந்த கதையைப் பலர் எழுதிவிட்டனர். உடைந்த கதையையும் ஒட்டிய கதையையும் ஈண்டுக் கூறுவோம்.

வண்டிக் கடையில் பிறந்த விமானம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒஹாயோ மாகாணத்தைச் சேர்ந்தது டேட்டன் நகரம். அந்நகரில் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர் இருவர் 1892-ஆம் ஆண்டில் சைக்கிள் கடை ஒன்று தொடங்கினர். முதலில் விற்பதும் பழுது பார்ப்பதுமாக இருந்தவர்கள், பின்னர்த் தாமே சைக்கிள் செய்து விற்கலாயினர். தந்தையார் கிறிஸ்துவ மதகுரு. சகோதரர் இருவருள் ஒருவரேனும் உயர்நிலைப் பள்ளிப் பத்திரம் பெற்றவரல்லர். அவ்வீட்டுப் பிள்ளைகளில் கலாசாலைப் பட்டம் பெற்றவர் தங்கை காதரீன் அம்மையாரே. பள்ளியாசிரியையாக இருந்த அவ்வம்மையார் தமையன்மாரின் முயற்சிக்குத் துணை நின்றார்.

1896-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் லிலியந்தால் என்னும் பேரறிஞர், யந்திரமில்லாத மிதவை விமானத்தில் காற்றில் சறுக்கிப் பழகும்போது விழுந்து மாண்டார். அச்செய்தி சகோதரர் மனத்தில் ஆழப் பதிந்தது. 1899-ஆம் ஆண்டு மே மாதத்தில் வில்பர், வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் என்னும் விஞ்ஞான நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறத்தலைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவை என்னென்ன என்று தெரிவிக்குமாறு வேண்டினார். நிலையத்தார் துண்டுப் பிரசுரங்களையும் நூற் பட்டியலையும் அனுப்பி உதவினர். இந்த ஸ்மித்ஸோனியன் என்னும் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அது மீண்டும் வரும்.

ஒருநாள் கடையில் சைக்கிள் டியூப் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை வில்பர் கையில் வைத்து இரு முனையையும் எதிரெதிராக முறுக்கினார். பெட்டி வளைந்து கொடுத்தது. விமானத்தின் இறக்கைகளையும் இவ்வாறே முறுக்கினால், காற்றில் ஒரு பக்கம் சாயும்போது நிமிர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்போது அவருக்குப் பிறந்தது. அவர்தம் கண்டுபிடிப்புக்களுள் தலையாயதற்கு வித்து, ஓர் அட்டைப்பெட்டி.

1900-ஆம் ஆண்டில் வட கரோலினாக் கடற்கரையில் கிட்டி ஹாக் என்னும் மணற்பாங்கான சிற்றூரில் முதல் மிதவை விமானத்தைச் சோதித்தனர். கணக்கின்படி தூக்க வேண்டிய பாரத்தை அது தூக்கவில்லை. ஊர் திரும்பும்போது அதனை அங்கேயே விட்டு வந்தனர். அவர்களுக்கு இடம் கொடுத்து உதவிய வீட்டு அம்மையார், இறக்கையில் இருந்த நல்ல துணியைக் கத்தரித்துத் தம் இரு பெண்மக்களுக்கும் சட்டை தைத்துப் போட்டார். ஏழைக் குடும்பத்தில் எப்பொருளும் வீணாவதில்லை.

1901-ஆம் ஆண்டில் செய்த பெரிய விமானமும் ஏமாற்றமே தந்தது. இறக்கையின் வளைவு மிகுதி என்று ஐயுற்று, மணற்காட்டிலேயே கம்பியும் சிறு தூணும் கொண்டு வளைவை அமுக்கித் தாழ்த்தினர். நடை சிறிது சீர்ப்பட்டது. ஆயினும் தூக்கும் வலிமை வரவில்லை. இந்நிலையில் வேறொருவராயின் தம் தலையெழுத்தை நொந்துகொண்டிருப்பர்; அல்லது பெரியோர் எழுதிய கணக்கைப் பின்பற்றத் தமக்குத் திறமில்லை என்று ஒதுங்கியிருப்பர். சைக்கிள் கடைக்காரரோ பெரியோர் கணக்கையே ஐயுற்றனர்.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிடுவதற்கு, 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்மீட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் பெயரால் ஓர் எண் வழங்கி வந்தது. அதன் அளவு 0.005. நூறாண்டுக்கு மேலாக அறிஞர் பலரும் அதனை அப்படியே எடுத்து ஆண்டனர். 1901-ஆம் ஆண்டின் இறுதியில் சகோதரர் தம் கடையிலேயே ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்று செய்து, விசிறியால் அதனுள் காற்றைச் செலுத்தி, சிறு சிறு இறக்கை வடிவங்களை வைத்து அளந்தனர். ஏறக்குறைய 200 வடிவங்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அளக்கும் கருவியை எதனால் செய்தனர்? பழைய ரம்பத்தின் அலகாலும் சைக்கிள் சக்கரத்துக் கம்பியாலும் செய்தனர். அந்த எண் பிழையென்பதும், உண்மை அளவு 0.0033-ஐ ஒட்டியது என்பதும் அவர்கள் ஆராய்ச்சியால் தெளிவாயின. ஒரு கூற்று நூறாண்டு பழமையுடையது என்பதனால் மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

புதுக் கணக்கின்படி செய்த 1902-ஆம் ஆண்டு விமானம் நன்கு மிதந்தது. ஆனால் திரும்பும்போது சில வேளைகளில் ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் குத்திற்று. பின்புறத்தில் அசையாது நின்ற வால்பலகையே காரணம் எனக் கண்ட ஆர்வில், அதனை அசையும் சுக்கானாக மாற்றலாம் என்றார். அச்சுக்கானை இறக்கை முறுக்கும் கயிற்றோடே பிணைத்துவிடலாம் என்றார் வில்பர். அண்ணன் சொல், தம்பி சொல் என்ற வேற்றுமையின்றி, நல்ல கருத்து எதுவோ அது விமானத்தில் ஏறியது.

இரும்புத் தண்டும் சைக்கிள் பசையும்

அடுத்த ஆண்டு யந்திரம் பூட்டிய விமானம். அதற்கு வேண்டிய இலேசான யந்திரத்தைச் செய்து தருவாரில்லை. ஆகவே கடையில் கூலிக்கு வேலை செய்த சார்லஸ் டெய்லர் என்னும் தொழிலாளி, ஆறு வாரங்களில் தம் கையாலேயே அதனைச் செய்து முடித்தார். 1903 பிப்ரவரியில் நடந்த சோதனையில் யந்திரம் சூடேறி இறுகி, அதன் அலுமினிய வார்ப்புடல் பிளந்தது. மீண்டும் வார்த்தனர். மறுமுறை செய்தது ஏறக்குறைய 12 குதிரைச் சக்தி தந்தது. பெரியோர் பலர் சரித்திரத்தில் இடம் பெற்றனர். இத்தொழிலாளியின் பெயரை அறிந்தோர் சிலரே. நம் பத்திரிகையைப் படிப்போரேனும் அதனை அறிந்துகொள்ளட்டும்.

விமானத்தின் சட்டம் ஸ்புரூஸ் மரத்தாலும் ஆஷ் மரத்தாலும் ஆயது. இறக்கைகளின் மேல் மஸ்லின் துணி. முனையிலிருந்து முனைக்கு 40 அடிக்குச் சிறிது மேல்; எடை 605 ராத்தல். செலவு முழுவதும் சேர்ந்து 1,000 டாலருக்குட்பட்டது.

1903 நவம்பர் 5-இல் கிட்டி ஹாக்கில் யந்திரத்தை ஓட்டிப் பார்த்தனர். யந்திரம் திமிறித் துள்ளியது; விசிறிகளைச் சுழற்றும் தண்டுகள் கெட்டன. அவற்றை டேட்டனுக்கு அனுப்பி, டெய்லரைக் கொண்டு பலப்படுத்தித் தருவித்தனர். வந்தவற்றைப் பூட்டினால், தண்டில் உள்ள பற்சக்கரங்கள் இறுக நில்லாமல் நழுவின. எவ்வளவு திருகியும் பயனில்லை. அப்போது அவர்களுக்குத் துணை வந்தது எது தெரியுமா? சைக்கிள் டயரை விளிம்போடு ஒட்டும் பசை. அதனைக் காய்ச்சித் திருகுகளில் ஊற்றினர். சக்கரங்கள் அசையாமல் நின்றன. மனிதன் வானத்தில் ஏறிய யந்திரத்தின் ஒரு மூட்டைச் சைக்கிள் கடைப் பசை பிடித்து நிறுத்திற்று என்பது சரித்திர உண்மை.

துன்பம் அத்தோடு தீரவில்லை. நவம்பர் 28-இல் தண்டு ஒன்றில் மயிரிழை போன்ற விரிசல் கண்டனர். அதுவரை அவை உள்ளே துளையுள்ள குழல்கள். அதே குழலை மீண்டும் செய்து பூட்டினால் மீண்டும் விரியும் என்று தெளிந்த ஆர்வில், நெடுந்தூரம் ரயிலேறி ஊருக்குச் சென்று, துளையில்லாத உருக்குத் தண்டுகளைச் செய்வித்து, டிசம்பர் 11-இல் திரும்பினார். கெட்டதைக் கெட்டபடியே புதுப்பிப்பது பழுது பார்த்தலில் பாதி. அது கெட்ட காரணத்தை நீக்கும்படி மாற்றுவதே மறு பாதி. ரைட் சகோதரரின் வெற்றிக்கு இம்மறு பாதியே வேராயிற்று.

டிசம்பர் 14-இல் நாணயத்தைச் சுண்டி முறை பார்த்ததில் வில்பருக்கு வாய்ப்பு விழுந்தது. விமானம் மூன்றரை நொடி எழும்பி மணலில் விழுந்தது. முன் சுக்கானின் சட்டங்கள் முறிந்தன. விமானத்தில் குறையில்லை என்றும், சுக்கானைத் தாம் அளவுக்கு மிஞ்சித் திருப்பியதே காரணம் என்றும் வில்பர் வீட்டுக்கு எழுதினார். இரண்டு நாளில் முறிந்தவற்றைச் செப்பனிட்டனர். டிசம்பர் 17-இல், குளிர்க் காற்று வீசிக்கொண்டிருக்கையில், ஆர்வில் 12 நொடியில் 120 அடி பறந்தார். அன்று நான்காம் முறை வில்பர் 59 நொடியில் 852 அடி பறந்தார். இறங்குகையில் முன் சுக்கான் மீண்டும் முறிந்தது. அதன்பின் தரையில் நின்ற விமானத்தைப் பெருங்காற்று ஒன்று தூக்கிப் புரட்டி நொறுக்கிற்று. அவ்விமானம் பிறகு ஒருநாளும் பறக்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பெட்டிகளில் அடைத்து ஊருக்கு அனுப்பினர்.

மேய்ச்சல் நிலத்துப் பள்ளிக்கூடம்

கிட்டி ஹாக்கில் பறந்தது நேராகச் சென்ற சிறு பறப்பு. திரும்பவும், வட்டமிடவும், விரும்பிய வரை மிதக்கவும் கற்பது இன்னும் எஞ்சியிருந்தது. 1904-இலும் 1905-இலும் டேட்டனுக்கு அருகே ஹப்மன் என்பாரின் மாட்டு மேய்ச்சல் நிலத்தில் அவர்கள் பயின்றனர். இரண்டாம் விமானம் பலமுறை மண்ணைக் கவ்விற்று. மூன்றாம் விமானம் 1905 ஜூன் மாதத்தில் வந்தது. அதுவும் ஏறிய சில நொடியில் முறிவதும், முறிந்ததைச் சில நாள் திருத்துவதும், மீண்டும் முறிவதுமாகவே இருந்தது.

1905 ஜூலை 14-இல் ஆர்வில் ஏறினார். விமானம் அலையில் அகப்பட்ட ஓடம்போல் மேலும் கீழும் துள்ளி, மூக்குக் குப்புற நிலத்தில் மோதிற்று. முன் சுக்கான் பொடியாயிற்று. ஆர்வில் உடைந்த மேல் இறக்கையின் வழியே வெளியே எறியப்பட்டார். பெருங்காயம் இன்றித் தப்பியது வியப்பே.

இங்கேதான் இச்சரித்திரத்தின் திருப்பம் இருக்கிறது. முன்போல் ஒடிந்த கம்பை ஒட்டி மறுநாள் ஏறியிருக்கலாம். சகோதரர் அவ்வாறு செய்யவில்லை. மேலும் கீழும் துள்ளுவது இன்று நேற்று வந்த குறையன்று. முதல் விமானத்திலேயே இருந்த குறை என்று கண்டனர். ஆறு வாரம் பறப்பதை நிறுத்தினர். முன் சுக்கானையும் பின் சுக்கானையும் ஏறக்குறைய இருமடங்கு பெரியவை ஆக்கினர். இறக்கையிலிருந்து அவற்றை வெகுதூரம் தள்ளி அமைத்தனர். துலாக்கோலின் தண்டு நீண்டால் சிறிய எடையும் பெரிய எடையை நிறுத்தும் அன்றோ? அதுபோலவே இதுவும். இவற்றோடு, தாம் 1902-இல் பெருமையோடு செய்த ஓர் ஏற்பாட்டையும் தாமே கைவிட்டனர். இறக்கைக் கயிற்றோடு பிணைத்த பின் சுக்கானைப் பிரித்து, அதற்குத் தனிக் கைப்பிடி வைத்தனர். நேற்றுத் தாம் கண்டுபிடித்ததாயினும், இன்று தடையாயின் விலக்க வேண்டியதே என்பது அவர்கள் கொள்கை.

ஆகஸ்டு 24-இல் மீண்டும் பறந்தபோது அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. எஞ்சிய குறை ஒன்றே: சில திருப்பங்களில் விமானம் நிமிர மறுத்தது. செப்டம்பர் மாத இறுதியில் ஆர்வில், மேய்ச்சல் நிலத்து முள்மரம் ஒன்றைச் சுற்றி வருகையில், விமானம் மரத்தின் மேல் சாயலாயிற்று. முன் சுக்கானைத் தாழ்த்தி மூக்கை நிலம் நோக்கித் திருப்பியவுடன் வேகம் பெற்று நிமிர்ந்தது. விழும்போது மூக்கைத் தூக்க வேண்டும் என்பது மனத்தின் இயற்கை. தாழ்த்த வேண்டும் என்பது காற்றின் இயற்கை. மனத்துக்குத் தோன்றுவதை விட்டு, காற்று சொல்வதைக் கேட்டவர் பிழைத்தார்.

அக்டோபர் 5-இல் வில்பர் அந்நிலத்தை வட்டமிட்டு வட்டமிட்டு 39 நிமிஷம் 23 நொடி வானில் இருந்தார். கடந்த தூரம் 24 மைல். எரியெண்ணெய் தீர்ந்ததனால் இறங்கினார். 1903, 1904 ஆகிய இரண்டாண்டுகளில் பறந்த நேரம் முழுவதையும் கூட்டினாலும் அந்த ஒரு பறப்புக்கு ஈடாகாது. மனிதனுக்கு உண்மையில் பயன்படும் முதல் விமானம் இதுவே என்று அறிஞர் கூறுவர். அது புதிதாகச் செய்த விமானமன்று. நொறுங்கிக் கிடந்து, காரணம் ஆராய்ந்து திருத்தப்பட்ட விமானம்.

இவ்வழக்கம் அவர்களைப் பின்னரும் விட்டு நீங்கவில்லை. 1908 செப்டம்பர் 17-இல் அமெரிக்கப் படையாருக்குப் பறந்து காட்டும்போது விசிறி பிளந்து, சுக்கானைத் தாங்கிய கம்பியில் பட்டு, விமானம் வீழ்ந்தது. உடன் சென்ற செல்ப்ரிட்ஜ் என்னும் படையதிகாரி மாண்டார். விமானத்தால் மாண்ட முதற் பயணி அவரே. கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த ஆர்வில், உடைந்த துண்டுகளைத் தம் படுக்கைக்குக் கொண்டுவரச் செய்து காரணத்தை ஆராய்ந்தார். மறு ஆண்டு, திருத்தி அமைத்த விமானத்தோடு அதே திடலுக்கு வந்து, படையார் விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றினார்.

ஏரிக்கரையில் நடந்த திருத்தம்

இனி மற்ற வகைத் திருத்தத்தைப் பார்ப்போம்.

ரைட் சகோதரர் கிட்டி ஹாக்கில் உழைத்த அதே 1903-ஆம் ஆண்டில், ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் தலைவராகிய லாங்லி என்னும் பேராசிரியரும் ஒரு விமானம் செய்தார். அவர் போலி விஞ்ஞானி அல்லர். ஆளில்லாத அவருடைய சிறு நீராவி விமானங்கள் 1896-இலேயே அரை மைலுக்கு மேல் பறந்துள்ளன. போர் இலாகா அவருக்கு 50,000 டாலர் அளித்தது. அக்டோபர் 7-இல் படகின் மேலிருந்து செலுத்திய அவருடைய விமானம் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. செலுத்தும் பொறியே குற்றவாளி என்று கருதி, விமானத்தின் அடிப்படையை மாற்றாது பழுது பார்த்து, டிசம்பர் 8-இல் மீண்டும் செலுத்தினர். மீண்டும் ஆற்றிலேயே விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர் பறந்தனர். லாங்லி 1906-இல் காலமானார். அவருடைய விமானத்தின் சிதைவுகள் நிலையத்தில் கிடந்தன.

1912-இல் வில்பரும் காலமானார். விமான உரிமை பற்றிய வழக்கில், 1914 ஜனவரியில், ஆர்வில் பக்கமே தீர்ப்பாயிற்று. எதிர்வழக்காடிய கர்ட்டிஸ் என்னும் விமானத் தொழிலதிபருக்கு ஒரு வழி தோன்றியது. ரைட் சகோதரருக்கு முன்பே பறக்கத் தக்க விமானம் ஒன்று இருந்தது என்று காட்டிவிட்டால், அவர்களுடைய உரிமை தளர்ந்துபோகும் அன்றோ? ஸ்மித்ஸோனியன் நிலையத்தாருக்கும் தம் முன்னாள் தலைவரின் புகழை மீட்கும் ஆசை. லாங்லியின் விமானத்தையும் 2,000 டாலரையும் கர்ட்டிஸிடம் கொடுத்தனர்.

நியூயார்க் மாகாணத்து ஹாமண்ட்ஸ்போர்ட் என்னும் ஏரிக்கரை ஊரில் அவ்விமானம் “பழுது பார்க்க”ப்பட்டது. இறக்கையின் வளைவு மாறிற்று. இறக்கையைத் தாங்கும் கம்பிகள் இடம் மாறின. விசிறியின் வடிவம் மாறிற்று. யந்திரத்தின் உறுப்புக்கள் மாறின. ஓட்டுவோன் கைக்கருவியும் மாறிற்று. அடியில் நீரில் மிதக்கும் தெப்பங்கள் ஏறின. 1914 மே 28-இல் அது நீர் மேல் சில நொடி எழும்பியது. பின்னர் கர்ட்டிஸின் சொந்த யந்திரத்தையே பூட்டியும் பறக்கவிட்டனர். எல்லாம் முடிந்தபின், செய்த மாற்றங்களைக் களைந்து, 1903-இல் இருந்த உருவத்துக்கே அதனைத் திருப்பி, 1918-இல் காட்சிக்கு வைத்தனர். ஆளைச் சுமந்து பறக்க வல்லதாகச் செய்யப்பட்ட உலகின் முதல் விமானம் இதுவே என்னும் கருத்துப்பட அதன் அருகே ஒரு பலகையும் தொங்கிற்று. உள்ளபடியே எடுத்துப் பறக்கவிட்டோம் என்பது போலவே நிலையத்தின் அறிக்கையும் இருந்தது.

கணக்கெழுதுவோர் யாவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. பேரேட்டில் ஓர் எண் பிழையாக விழுந்துவிட்டால், அதன்மேல் கோடு கிழித்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். பிளேடால் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதுவது, அப்புது எண் சரியானதாகவே இருந்தாலும், குற்றமேயாகும். ரைட் சகோதரர் தம் விமானத்தில் செய்ததெல்லாம் கோடு கிழித்து எழுதிய திருத்தம். ஏரிக்கரையில் நடந்தது சுரண்டி எழுதிய திருத்தம். விமானத்தை மாற்றியது தவறன்று. பழைய விமானத்தின் குறை எங்கே என்று ஆராய்வதற்கு மாற்றிப் பார்ப்பது நல்ல விஞ்ஞானமே. மாற்றியதை மறைத்ததுதான் தவறு.

நாடு விட்டுச் சென்ற விமானம்

ஆர்வில் தம் எதிர்ப்பைப் பல்லாண்டு சொல்லிப் பார்த்தார். 1921-இல் லண்டனில் ஓர் ஆங்கில நண்பர், ஹாமண்ட்ஸ்போர்ட்டில் செய்த மாற்றங்களை எடுத்துக் கூறிச் சொற்பொழிவாற்றினார். ஸ்மித்ஸோனியன் நிலையம் அசையவில்லை.

இதற்கிடையே 1903-ஆம் ஆண்டு விமானம் என்ன ஆயிற்று? 1913 மார்ச் மாதத்தில் டேட்டன் நகரில் பெருவெள்ளம் புகுந்தது. உடைந்த துண்டுகள் இருந்த பெட்டிகள் பல நாள் நீரிலும் சேற்றிலும் கிடந்தன. 1916-இல் ஆர்வில் அவற்றைத் திறந்து, கெட்டுப்போன மரங்களுக்குப் பதில் புதிய மரம் சேர்த்து, யந்திரத்தில் தொலைந்தவற்றுக்கு வேறு உறுப்புக்கள் இட்டு, விமானத்தை மீண்டும் நிறுத்தினார். பின்னர் அதே வகை மஸ்லின் துணியை வாங்கி இறக்கைகளுக்குப் புதிதாகப் போர்த்தினார். இதுவும் திருத்தப்பட்ட விமானமே, முற்றிலும் பழையதன்று. ஆயின் அவ்வுண்மை யாருக்கும் ஒளிக்கப்படவில்லை. ஆகவே அதனால் யாரும் ஏமாறவுமில்லை.

1928-இல் ஆர்வில் அவ்விமானத்தை லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார். தம் நாட்டின் தலைநகரில் பொய்ப் பலகை தொங்கும் வரையில், தம் விமானம் அந்நிய நாட்டில் இருக்கட்டும் என்பது அவர் முடிவு. நாட்டுப் பற்று இல்லை என்று அவரைத் தூற்றினோரும் உண்டு. நாட்டின் புகழைக் காட்டிலும் உண்மை பெரிது என்று அவர் பொறுத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்த காலத்தில், விமானத்தை நகருக்கு வெளியே நிலத்தடியில் வைத்துக் காத்தனர்.

1942-இல் ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் அப்போதைய தலைவர் அபட், ஒரு வெளியீட்டில் 1903-ஆம் ஆண்டு லாங்லி விமானத்தையும் 1914-இல் ஏரியில் பறந்ததையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு, வேற்றுமைகளை வரிசைப்படுத்தி, தம் நிலையத்தின் பழைய கூற்றுக்களுக்கு வருத்தம் தெரிவித்தார். 28 ஆண்டு கழித்து, சுரண்டிய பக்கத்தில் கோடு கிழித்து எழுதினர். ஒரு பெரிய நிலையம் தன் பிழையைத் தானே அச்சிட்டு வெளியிடுவது எளிதன்று. அவ்வளவில் அவர்களைப் பாராட்டுவோம். விமானம் திரும்பி வருவதை ஆர்வில் காணவில்லை. 1948 ஜனவரி 30-இல் அவர் காலமானார். அவ்வாண்டு டிசம்பர் 17-இல், முதற்பறப்பின் 45-ஆம் ஆண்டு நிறைவு நாளில், விமானம் ஸ்மித்ஸோனியன் நிலையத்திலேயே வைக்கப்பட்டது. முன்பு பட்ட அனுபவத்தால், ரைட் விமானத்துக்கு முன்னே வேறொன்று ஆளோடு பறக்க வல்லதாய் இருந்தது என்று நிலையத்தார் இனி எழுதினால் விமானத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உரிமையாளர் ஒப்பந்தம் எழுதி வாங்கினர். ஒருமுறை கெட்ட நம்பிக்கை, பத்திரமின்றித் திரும்புவதில்லை.

அதன்பின் நடந்ததும் அறியத் தக்கதே. 1969-இல் சந்திரனில் இறங்கியவர்கள் அவ்விமானத்தின் ஒரு துண்டு மரத்தையும் ஒரு துண்டுத் துணியையும் உடன் கொண்டு சென்றனர். 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த சிறு விமானத்திலும் அத்துணியின் ஒரு சிறு துண்டு ஒட்டப்பட்டிருந்தது.

நமக்கு என்ன?

இக்கதையால் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் நாட்டுப் பெருமை பேசுவோர், “விமானமா? எங்கள் முன்னோர் புட்பக விமானத்திலேயே பறந்தனர்” என்று கூறக் கேட்டிருக்கிறோம். அதற்குச் சான்றாக “வைமானிக சாஸ்திரம்” என்னும் வடமொழி நூலையும் எடுத்துக் காட்டுவர். 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விமானத்துறை ஆராய்ச்சியாளர் அந்நூலை ஆராய்ந்தனர். அது பண்டைக் காலத்து நூலன்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததே என்றும், அதில் சொல்லிய விமானங்கள் பறக்கும் தகுதி அற்றவை என்றும் முடிவு கூறினர். ஏரிக்கரையில் செய்ததும் இதுவும் ஒன்றே. இன்று செய்த பொருளுக்கு நேற்றைய தேதியை இடுவது.

சமூகத் திருத்தத்திலும் இந்நோய் உண்டு. பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று நாம் கூறினால், பண்டு நம் பெண்கள் எல்லாரும் கற்றே இருந்தனர் என்று சிலர் மறுமொழி கூறுவர். சாதி ஒழிய வேண்டும் என்றால், ஆதியில் உயர்வு தாழ்வே இல்லை, இடையில் வந்தவர் கெடுத்தனர் என்பர். கேட்பதற்கு இனிமைதான். நம் பக்கமே பேசுவது போலவும் தோன்றும். ஆயின் என்ன ஆகிறது? குறை எங்கிருந்தது என்பது மறைந்துபோகிறது. குறை மறைந்தால் காரணம் மறையும். காரணம் மறைந்தால் அதே தண்டு அதே இடத்தில் மீண்டும் விரியும். நம் முன்னோரில் கற்றவரும் இருந்தனர். கற்க விடாது தடுக்கப்பட்டவர் மிகப் பலர் இருந்தனர். உயர்ந்த பாட்டும் நம்முடையது. தீண்டாமையும் நம்மிடை இருந்ததே. இரண்டையும் பேரேட்டில் படிக்கும்படி வைத்துக்கொண்டே, பிழையின்மேல் கோடு கிழித்துச் சரியானதை எழுத வேண்டும். கீழே நம் பெயரையும் எழுத வேண்டும். அதுவே மானமுள்ள சீர்திருத்தம்.

தோட்டத்துச் சங்கத்தில் ஒரு வாசகசாலை சரியாக நடவாது போனாலும், ஒரு கூட்டுறவுக் கடை நட்டப்பட்டு மூடப்பட்டாலும், “நம்மவரால் ஆகாது” என்று கைவிடுவோர் பலர். எது முறிந்தது, ஏன் முறிந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்போர் சிலர். அச்சிலரே நமக்கு வேண்டியவர். முறிவு வெட்கத்துக்குரியதன்று. ஜூலை மாதத்தில் நொறுங்கிய விமானமே அக்டோபர் மாதத்தில் 24 மைல் பறந்தது. இடையில் இருந்த ஆறு வாரமும் அவர்கள் விதியை நோகவில்லை. ஒருவரையொருவர் பழிக்கவும் இல்லை. சுக்கானை அளந்தனர், மரத்தை இழைத்தனர், தங்கள் பழைய கண்டுபிடிப்பையே அவிழ்த்தெறிந்தனர், எல்லாவற்றையும் எழுதி வைத்தனர்.

தமிழ் மக்கள் திருத்த வேண்டியவை இன்னும் பல உள. திருத்துவோம். திருத்தியதை ஒளிக்காமல் எழுதியும் வைப்போம். நாளை வருகிற பிள்ளைகள் நம் கையெழுத்தைப் பார்த்து, நாம் எங்கே தவறினோம், எங்கே தேறினோம் என்று அறிந்து, நம்மினும் நன்றாகச் செய்யட்டும்.